இல்லமும் இயந்திரமும்: வண்டி வீட்டிற்கு மின்சாரம்

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரவான் வண்டியில் ஊர் செல்ல எண்ணும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. படுக்கையும் அடுப்படியும் அமைந்த அவ்வண்டியில் விளக்கும் விசிறியும் இயங்கப் பாட்டரி வேண்டும். அது தீர்ந்தால் மீண்டும் நிரப்ப ஜெனரேட்டர் வேண்டும். வண்டியைச் சொந்தமாக வைத்திருப்போரும் வாடகைக்கு எடுப்போரும் இவ்விரண்டின் இணைப்பைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவற்றை இம்மாதம் கூற விரும்புகிறோம்.

முதலாவதாக, ஜெனரேட்டர் தருவது 230 வோல்ட் மாறு மின்னோட்டம். பாட்டரி ஏற்பதோ பெரும்பாலும் 12 வோல்ட் நேர் மின்னோட்டம். ஆகவே ஒன்றை மற்றொன்றுடன் நேரே பிணைத்தல் கூடவே கூடாது. இடையில் தக்க சார்ஜர் இருத்தல் அவசியம். 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈயப் பாட்டரிக்கு 10 முதல் 20 ஆம்பியர் வரை ஊட்டினால் போதும். தொடக்கத்தில் விரைந்து ஏறும் மின்சாரம் முடிவில் மெல்லவே ஏறும். அக்கடைசிப் பகுதிக்காக மட்டும் ஜெனரேட்டரை மணிக்கணக்கில் ஓட்டுவது வீண் செலவு. மிக்ஸியோ குளிர்சாதனமோ இயங்கும் வேளையில் பாட்டரியையும் சேர்த்து நிரப்பிக்கொள்வது சிக்கனம்.

இரண்டாவது, பலரும் மறந்துவிடுவது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் ஜெனரேட்டருக்கும் பாட்டரியின் துணை வேண்டும். பாட்டரியை அடியோடு வற்றவிட்டால், அதை நிரப்ப வேண்டிய ஜெனரேட்டரே கிளம்பாது போகலாம். பாதியளவுக்குக் கீழே இறங்கவிடாதிருத்தல் நலம். ஈயப் பாட்டரியின் ஆயுளும் அதனால் நீடிக்கும்.

மூன்றாவதாக, தங்குமிடத்தில் கிடைக்கும் வெளி மின்சாரமும் ஜெனரேட்டர் மின்சாரமும் ஒரே சமயத்தில் வண்டியின் கம்பிகளில் பாயலாகாது. ஒன்றை விலக்கிய பின்னரே மற்றொன்றைச் சேர்க்கும் சேஞ்சோவர் சுவிட்ச் இதற்கெனவே உள்ளது. பாட்டரியின் பிளஸ் முனைக்கு அருகிலேயே ஃப்யூஸ் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்க. இவ்வேலைகளைத் தேர்ந்த எலெக்ட்ரீஷியனிடமே ஒப்படைக்க வேண்டும்.

நிற்க. இவை யாவற்றினும் முக்கியமானது புகை. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நின்றிருந்த காரவான் ஒன்றினுள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோரை எழுப்பாமலே உயிரைக் கவர்ந்துவிடும். புகைக்குழாய் வண்டியை விட்டு வெளியே, ஜன்னல்களுக்கு அப்பால் முடிய வேண்டும். மின்கம்பி நுழையும் துளைகளை அடைத்துவிட வேண்டும். இவ்வாயுவை உணர்ந்து ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கைக்கு அருகில் பொருத்துக. குளிர்சாதனத்திற்காக ஜெனரேட்டரை ஓடவிட்டு அனைவரும் உள்ளே உறங்குவதை அறவே தவிர்க்க வேண்டும்.

குழந்தைகள் புழுக்கம் என்று முறையிடலாம். ஓரிரவுப் புழுக்கம் விடிந்ததும் மறந்துபோகும். எல்லோரும் நலமாக ஊர் போய்ச் சேர்வதன்றோ நமக்கு வேண்டுவது?