சென்னை டூர்: பார்த்தாச்சா, பார்க்கணுமா?



இந்த வருஷமும் டூர் சென்னைக்குத்தான் என்று பேச்சு அடிபடுகிறது. உடனே "சென்னையா? அதான் போன வருஷமே பார்த்தாச்சே!" என்று பலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். நான் கேட்கிறேன், நிஜமாகவே பார்த்தோமா?

எங்களில் நிறைய பேருக்கு அதுதான் முதல் சென்னைப் பயணம். விடியற்காலையில் வேன் ஏறினோம். வண்டலூர் ஜூ, அப்புறம் ஒரு தீம் பார்க், சாயங்காலம் மெரினா. நடுவில் "அதோ கோட்டை, அதோ கோட்டை" என்று ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். நான் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தண்ணி லாரிதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா "எப்படிடா இருந்துச்சு?" என்றார். "சூப்பர்" என்றேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

மெரினா நல்லாத்தான் இருக்கு. ஆனா மரக்காணத்துல இல்லாத கடலா? அவ்வளவு தூரம் போனால் அங்கே மட்டும் இருப்பதைப் பார்க்க வேண்டாமா?

கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயக் கம்பெனிக்கு 1639-ல் அந்த இடம் கிடைத்தது, 1640-ல் கட்ட ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் சட்டசபையும் தலைமைச் செயலகமும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்ததும் ஆங்கிலேயர் தலைமையிடத்தை எங்கே மாற்றினார்கள் தெரியுமா? நம்ம கடலூருக்கு! 1752 வரை அங்கே புனித டேவிட் கோட்டையில் இருந்துதான் நிர்வாகம் நடந்தது. (1993-ல் மாவட்டம் பிரிகிற வரை கடலூரும் நாமும் ஒரே தென்னாற்காடுதான்.)

அந்தக் கோட்டைக்குள் ஒரு மியூசியம் இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை அங்கே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குச் சென்னை மாகாணத்தை ஆண்டவர் யார்? நம்ம திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் விவசாயி, ஓ.பி. ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை அவர்தான் மாகாணத்தின் பிரதமர். அப்போது முதலமைச்சரை அப்படித்தான் சொல்வார்கள். தேவதாசி முறையை ஒழித்த சட்டமும், எல்லோரும் கோயிலுக்குள் போகலாம் என்ற சட்டமும் 1947-ல் அவர் ஆட்சியில் வந்தவை.

அண்ணா சாலைப் பக்கம் ஓமந்தூரார் ஆஸ்பத்திரி இருக்கிறது அல்லவா? அந்தப் பெயர் அவர் பெயர்தான். புதிய தலைமைச் செயலகம் என்று 2010-ல் திறந்த கட்டடம், 2014-ல் ஆஸ்பத்திரி ஆனது. எங்க பெரியப்பா அங்கே பத்து நாள் படுத்திருந்தார். "ஓமந்தூரார்னா யாரு பெரியப்பா?" என்று கேட்டேன். "யாராச்சும் பெரிய டாக்டரா இருப்பாருடா" என்றார். நம்ம ஊர் பஸ் போர்டிலேயே ஓமந்தூர் இருக்கு!

இன்னொன்று, காசு. போன வருஷம் எங்க கிளாஸில் பலர் "உடம்பு சரியில்லை", "ஊரில் விசேஷம்" என்று வரவில்லை. உண்மையான காரணம் எல்லோருக்கும் தெரியும். வேன் வாடகையும் தீம் பார்க் டிக்கெட்டும்தான் செலவில் பெரும்பகுதி. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ரயில் ஏறினால் நேரே எழும்பூர். அங்கிருந்து 1851-ல் தொடங்கிய அரசு மியூசியம் நடக்கிற தூரம்தான். சோழர் காலச் செப்புச் சிலைகளுக்கென்றே அங்கே தனிக் கட்டடம் இருக்கிறது. புத்தகத்தில் கட்டைவிரல் அளவு படமாகப் பார்த்த நடராஜரை நேரில் பார்க்கலாம். மத்தியானம் கோட்டை. அங்கே 15 வயசுக்குக் கீழே இருந்தால் மியூசியம் டிக்கெட் கிடையாது. திரும்பும்போது மெட்ரோவில் ஒரு ஸ்டேஷன் போனால்கூட போதும், அந்த ஆசையும் தீரும். அவ்வளவுதான், ஒரு நாளைக்கு இரண்டே இடம்.

"மியூசியம் போர் அடிக்கும்" என்கிறார்கள் நண்பர்கள். பத்து நிமிஷத்தில் வரிசையாக ஓடினால் போர்தான். முதல் வாரமே வரலாறு சார் ஒரு பீரியட் எடுத்து, எதைப் பார்க்கணும்னு சொல்லிட்டா போர் அடிக்காது. ரயிலில் சின்னப் பசங்களைக் கட்டி மேய்க்க முடியாது என்பது ஆசிரியர்களின் கவலை. அது நியாயம்தான். பத்து பேருக்கு ஒரு +1 அண்ணனோ அக்காவோ பொறுப்பு என்று போடுங்கள். நான் என் பெயரை இப்போதே கொடுக்கிறேன்.

தேதி குறிக்கும்போது தயவுசெய்து வெள்ளிக்கிழமை வேண்டாம். இரண்டு மியூசியத்துக்கும் அன்றைக்குத்தான் லீவு.

– +1 'ஆ' பிரிவு மாணவன்