பேரன் கேட்ட ஒன்றரை லட்சம்

போன வாரம் என் தங்கையின் பேரன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். காபியைக் குடித்து முடித்தவன், சுற்றி வளைக்காமல், "தாத்தா, ஒன்றரை லட்சம் ரூபாய் கடனா வேணும். ஒரு வருஷத்துல திருப்பிக் குடுத்துடறேன்" என்றான்.

"எதுக்குடா?" என்றேன்.

"டிகிரி வாங்கணும்."

படிக்கணும் என்று சொல்லாமல் வாங்கணும் என்று சொன்னது காதில் உறுத்தியது.

பையனுக்கு வயது 27. பிளஸ் டூ முடித்த வருடம் அப்பா வேலை பார்த்த மில் மூடிவிட்டது. காலேஜ் பேச்சு அதோடு நின்றது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தான். ராத்திரி வேளைகளில் யூடியூப் பார்த்தே லினக்ஸ் கற்றுக்கொண்டான். இப்போது ஒரு சின்னக் கம்பெனியின் செர்வர்கள் எல்லாம் இவன் பொறுப்பு. அங்கே மேலே போக வழியில்லை என்று பெரிய இடத்துக்கு மனு போட்டிருக்கிறான். தொழில் சம்பந்தமான இரண்டு இண்டர்வியூவிலும் தேறிவிட்டான். மூன்றாவதில், "டிகிரி சர்டிபிகேட் எங்கே?" என்றார்களாம். கதை முடிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு ஏஜெண்ட் வந்து சேர்ந்திருக்கிறான். ஒன்றரை லட்சம் கொடுத்தால் ஒரே வருடத்தில், பழைய தேதி போட்டு, பட்டம் கையில் வந்துவிடுமாம்.

பணம் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முகம் சுண்டிப்போய், "உங்களுக்கென்ன தாத்தா, உங்க கிட்ட டிகிரி இருந்துது" என்றான். அந்த வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது.

ஆமாம், என்னிடம் பட்டம் இருந்தது. பி.எஸ்ஸி. தாவரவியல். அதற்கும் வங்கிப் பேரேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. 1980களின் கடைசியில் எங்கள் கிளைக்கு ஏ.எல்.பி.எம். என்கிற லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தபோது நாங்கள் பட்டதாரிகள் எல்லாம் தொடவே பயந்தோம். எஸ்.எஸ்.எல்.சி. மட்டும் படித்த ஒரு கிளார்க், ஆங்கிலக் கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு படித்து, தானே கற்றுக்கொண்டார். சாயங்காலம் பேலன்ஸ் இடித்தால் கிளை மொத்தமும் அவரைத்தான் தேடும். எனக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அடுத்த புரமோஷனில் பட்டத்துக்குத் தனி மார்க். நான் ஆபீசர் ஆனேன். அவர் கிளார்க்காகவே ரிடையர் ஆனார். அப்போது எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

ஆகவே பேரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து போலிப் பட்டம் அல்ல. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி.யே வெளியிடுகிறது. பழைய தேதிப் பட்டம் பின்னணி விசாரணையில் பிடிபட்டால், உழைத்துச் சேர்த்த நல்ல பெயரும் சேர்ந்து போகும்.

"டிகிரியே வேண்டாம், திறமை இருந்தால் போதும்" என்று மேடையில் பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பட்டம் என்பது அறிவு அல்ல, கேட் பாஸ். அது இல்லாதவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அமெரிக்காவின் எச்-1பி விசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டம் இல்லாதவருக்கு மூன்று வருட அனுபவத்தை ஒரு வருடக் கல்லூரிப் படிப்புக்குச் சமமாகக் கணக்கிடுகிறார்கள். நான்கு வருடப் படிப்புக்கு ஈடாகப் பன்னிரண்டு வருடம் உழைத்திருக்க வேண்டும்!

என் கட்சி இதுதான்: பட்டம் வாங்கு, ஆனால் வேலையை விடாமல், கடன் படாமல் வாங்கு. அதற்கு இப்போது வழி இருக்கிறது. இக்னோவில் பி.சி.ஏ. மூன்று வருடம். முடியாவிட்டால் ஆறு வருடம் வரை எடுத்துக்கொள்ளலாம். நம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிமுகப்படுத்திய ஆன்லைன் டேட்டா சயன்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. நாலு வாரம் பாடம் நடத்தி, அதிலேயே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடித்த கட்டத்துக்குச் சான்றிதழோ டிப்ளமாவோ கிடைக்கும். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-லேயே சொல்லிவிட்டது.

பட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. லினக்ஸில் ரெட் ஹாட் நடத்தும் பரீட்சை, டிக் அடித்துவிட்டு வருகிற பரீட்சை அல்ல. ஓடுகிற கணினியில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். இவன் மாதிரிப் பையன்களுக்கென்றே அமைந்தது. நம் காலத்தில் கிளார்க்குகள் சி.ஏ.ஐ.ஐ.பி.யும், ரயில்வே, டெலிபோன்ஸ்காரர்கள் ஏ.எம்.ஐ.இ.யும் ராத்திரி விழித்துப் படித்துத் தேறவில்லையா? அதே பாதைதான்.

இன்னொன்று நமக்கு. நம் பிள்ளைகள் பலர் இன்று கம்பெனிகளில் ஆள் எடுக்கும் நாற்காலியில் இருக்கிறார்கள். அடுத்த தடவை போனில் பேசும்போது, "பட்டம் இல்லாதவன் மனுவையும் ஒரு தடவை படித்துப் பாரப்பா" என்று சொல்லுங்கள். ஸோஹோ நிறுவனம் இருபது வருடங்களுக்கு மேலாகப் பிளஸ் டூ, டிப்ளமா முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி அளித்து வேலையில் வைத்துக்கொள்கிறது. அதனால் அந்தக் கம்பெனி ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

பேரனிடம் ஒன்றரை லட்சம் கொடுக்கவில்லை. முதல் வருடக் கட்டணத்தை நான் கட்டுகிறேன், திருப்பித் தர வேண்டாம் என்றேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று உம்மென்று கிளம்பிப் போனான்.

நேற்று தங்கை போன் செய்தாள். பிளஸ் டூ மார்க் ஷீட்டைப் பீரோவில் தேடி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறானாம்.