காரின் மேல இருக்கும் 'சுறா துடுப்பு' அழகுக்கா, சிக்னலுக்கா? குட்டி ஆன்டெனாவுக்குள் இவ்வளவு விஷயமா?

புது கார்களின் கூரையில், பின்பக்கம் சுறாவின் துடுப்பு மாதிரி ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீங்க. 'ஷார்க் ஃபின்' ஆன்டெனா. பழைய கார்களில் இழுத்து நீட்டும் கம்பி இருந்ததே, அந்த வேலையோடு ஜிபிஎஸ், மொபைல் டேட்டா வேலையையும் பல கார்களில் இந்த விரல் உயர டப்பாதான் பார்க்கிறது.

இதுல என்ன சிக்கல்?

ஆன்டெனாவின் நீளத்தை முடிவு செய்வது அலைநீளம். பொதுவாக அதில் கால் பங்கு தேவை. 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். அலையின் நீளம் 3 மீட்டர்; கால் பங்கு என்றால் 75 சென்டிமீட்டர். அந்தக் கம்பி அவ்வளவு நீளமா இருந்தது இதனாலதான். துடுப்புக்குள் அடக்க, கம்பியைச் சுருளாக்குகிறார்கள். அளவு குறையும், ஆனா பிடிக்கும் சிக்னலும் குறையும். அதை ஈடுகட்ட உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் வேணும். ஜிபிஎஸ்ஸுக்கு ஒரு சின்ன பீங்கான் வில்லை போதும்.

கார்கள் பேசிக்கொண்டால்?

முன்னால் போகும் லாரி திடீர் பிரேக் போட்டால், இரண்டு வண்டி பின்னால் வரும் காருக்கும் உடனே எச்சரிக்கை போகணும். 'வி2எக்ஸ்' தொழில்நுட்பத்தின் நோக்கம் இதுதான். இது இயங்குவது 5.9 கிகாஹெர்ட்ஸில். அலைநீளமே 5 சென்டிமீட்டர்தான், அதனால் அளவு பிரச்னை இல்லை. இடம்தான் பிரச்னை.

துடுப்புக்குக் கீழே இருக்கும் உலோகக் கூரையும் ஆன்டெனாவின் ஒரு பகுதி மாதிரிதான். இப்போ எல்லாருக்கும் பனோரமிக் சன்ரூஃப் வேணும். உலோகம் போய் கண்ணாடி வந்தால், கூரையும் பின்பக்கம் சரிந்தால், முன்பக்க சிக்னல் பலவீனமாகலாம். எச்சரிக்கை அதிகம் தேவைப்படும் திசையே அதுதான்! அதனால்தான் முன்பக்கம் இன்னொரு ஆன்டெனா வைக்கும் வடிவமைப்புகளும் வருகின்றன.

அலைவரிசையிலும் நெருக்கடி. அமெரிக்காவில் 1999-ல் இதற்காக 75 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கினார்கள். இருபது வருஷமா பெரிதாகப் பயன்படுத்தவில்லை என்று, 2020-ல் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபை போன்ற பயன்பாட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். மிச்சம் 30. பக்கத்திலேயே வைஃபை. ஒரே காருக்குள் இரண்டும் இயங்கும்போது ஒன்று மற்றொன்றின் காதில் கத்தாமல் பிரித்து வைப்பது தனி வேலை.

கடைசியா ஒண்ணு. ஆக்சஸரி கடைகளில் கிடைக்கும் ஒட்டு துடுப்புகளில் பல வெறும் பிளாஸ்டிக். வாங்கும் முன் அடியில் வயர் இருக்கான்னு பாருங்க. அசல் துடுப்பின் மேல் உலோகக் கவர் மாட்டினால் சிக்னல் மங்கிடும்.