சொல்லக் கூசும் அரிப்பு

தலைவலி என்றால் வீடே அமர்க்களப்படும்படி சத்தம் போடுகிற ஆண்பிள்ளைகள், ஒரு விஷயத்தில் மட்டும் வாயே திறப்பதில்லை. தொடை இடுக்கிலும், அந்தரங்க உறுப்பைச் சுற்றியும் ஏற்படும் அரிப்பைத்தான் சொல்கிறேன். "இதையெல்லாமா பத்திரிகையில் எழுதுவது?" என்று முகம் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! அவர்கள் வாய் திறக்காததால் வருகிற கஷ்டம் வீடு முழுவதற்கும் அல்லவா?

என் சிநேகிதி ஒருத்தி சில மாதங்களுக்கு முன்பு வந்திருந்தாள். அவளுடைய கணவருக்கு வெகு நாளாக ராத்திரியில் சரியான தூக்கமில்லை. "என்னங்க உடம்புக்கு?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, வியர்க்குரு" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக் கொள்வாராம். ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது, சட்டைகளுக்குப் பின்னால் ஐந்தாறு காலி ட்யூப்கள் அகப்பட்டன. எல்லாம் களிம்பு மருந்து!

"கேட்கவே பயமாக இருந்ததடி. மனசு எங்கெங்கேயோ போயிற்று" என்று கண் கலங்கினாள். அதற்குள் அவளுடைய இடுப்பிலும், ஐந்து வயதுப் பையனின் முதுகிலும் வட்ட வட்டமாகச் சிவந்து கிளம்பி விட்டது.

மனசு எங்கெங்கேயோ போக வேண்டிய அவசியமே இல்லை. இது நம் பாட்டிமார்கள் படர்தாமரை என்று சொன்ன அதே வியாதிதான். ஈரம் பட்ட ஊறுகாயில் பூசணம் பூக்கிறது பாருங்கள், அதன் தூரத்து உறவான ஒரு பூஞ்சைதான் இதற்குக் காரணம். வியர்வையும் உராய்வும் உள்ள தொடை இடுக்கு அதற்குச் சொந்த வீடு மாதிரி. ஓரம் சிவந்து மேடாகவும், நடுவில் சற்றுத் தெளிந்தும் நாளுக்கு நாள் அகன்று கொண்டே போகும். இதற்கும் நடத்தைக்கும் முடிச்சுப் போட வேண்டாம். ஈரத் துண்டும் இறுக்கமான உடையும் போதும், இது வளர!

அப்படியானால் அத்தனை ட்யூப் தடவியும் ஏன் குணமாகவில்லை? ட்யூபின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்தேன். பூஞ்சை மருந்தோடு கிளோபெடசால் என்ற பெயரும் இருந்தது. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்றும் சிலவற்றில் இருக்கும். இவை ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தவை. தடவிய இரண்டே நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கி விடும். "ஆகா, என்ன மருந்து!" என்று தோன்றும். ஆனால் சருமத்தின் எதிர்ப்புச் சக்தியை அது உறங்க வைத்து விடுவதால், பூஞ்சை உள்ளே சுகமாக வளர்கிறது. மருந்தை நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் தலை காட்டுகிறது. மறுபடி ஒரு ட்யூப்! நாளடைவில் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழுகின்றன. அவை மறைவதில்லை.

அந்த இடத்துத் தோலோ மிக மெல்லியது. 1967-ல் ஃபெல்ட்மன், மெய்பாக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், விதைப்பையின் தோல் ஸ்டீராய்டு மருந்தை முன்கையைவிடச் சுமார் 40 மடங்கு உறிஞ்சுவதாகக் கண்டார்கள். இத்தகைய களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதி செய்தது. ஆயினும் வெட்கப்படுகிறவர் நாடுவது மருந்துக் கடையைத்தானே?

பூஞ்சையும் சும்மா இருக்கவில்லை. டெர்பினாஃபின் என்ற நல்ல மருந்துக்குக்கூட எளிதில் மசியாத ஒரு வகை நம் நாட்டில் பரவியிருக்கிறது. 2020-ல் அதற்குச் சூட்டிய பெயரில் நம் தேசத்தின் பெயரே ஒட்டிக் கொண்டது: டிரைக்கோபைட்டான் இந்தோட்டினியே! பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை.

எல்லா அரிப்பும் படர்தாமரை அல்ல. ராத்திரியில் அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்குகளிலும் பொரிப்பொரியாக வந்து, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால், அது சிரங்காக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. வீட்டார் அனைவரும் ஒரே நாளில் தடவிக் கொள்ள வேண்டும். உறுப்பின் முனை அடிக்கடி சிவந்து அரித்தால், ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. புது சோப்பு ஒத்துக் கொள்ளாததாலும் அரிக்கலாம். புண்ணோ கொப்புளமோ நீர் ஒழுகுதலோ இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஆகவே சரும வைத்தியர் பார்த்துச் சொல்வதே சரி.

வீட்டில் நாம் செய்யக் கூடியவை சில உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித் துண்டு இருக்கட்டும். குளித்ததும் தொடை இடுக்கை ஈரம் போக ஒற்றித் துடைத்த பிறகே உடுத்த வேண்டும். தளர்ந்த பருத்தி உள்ளாடை உத்தமம். நோய் கண்டவரின் துணிகளைத் தனியே வெந்நீரில் துவைத்து, உட்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் உலர்த்துங்கள். காலில் சேற்றுப்புண் இருந்தால் அதையும் சேர்த்துக் குணப்படுத்த வேண்டும். அங்கிருந்துதான் பூஞ்சை பல சமயம் மேலே ஏறுகிறது. பூண்டு அரைத்துப் பூசுவதும், கிருமிநாசினியைக் கொட்டிக் கழுவுவதும் வேண்டாம். தோல் வெந்து போகும். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தி விடாமல், வைத்தியர் சொன்ன நாள் முழுவதும் தடவ வேண்டும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான்.

என் சிநேகிதி கணவரைக் கையோடு அழைத்துக் கொண்டு போனாள். டாக்டர் தோலைச் சற்றுச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, பூஞ்சைதான் என்று உறுதி செய்தார். மூன்று பேருக்கும் சேர்த்தே சிகிச்சை நடந்தது. முற்றும் குணமாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. "முதல் வாரமே சொல்லியிருந்தால் குழந்தைக்கு வந்திருக்காது" என்று அவர் இப்போது வருந்துகிறாராம்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு ட்யூப் ஒளிந்திருந்தால் கோபிக்காதீர்கள், சந்தேகப்படவும் வேண்டாம். "வாங்க, டாக்டரிடம் போய் வரலாம்" என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவரும் காத்துக் கொண்டிருப்பார்!