அசைந்தால்தான் ஆளா?

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

ஆளில்லா வகுப்பறையில் நான்கு மின்விசிறிகள் சுற்றுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஒன்றுக்கு 75 வாட் எனக் கொண்டால், நான்கு மணி நேரத்தில் 1.2 யூனிட் வீண்! இதற்கு மருந்தாக, ஆள் வந்தால் இயக்கி, போனால் அணைக்கும் சென்சாரை எங்கும் பொருத்தலாம் என்கின்றனர் நண்பர்கள் பலர். 'எங்கும்' என்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

இக்கருவி மனித உடல் வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களை உணர்வது. ஆயினும் அது அறிவது கதிர்களில் ஏற்படும் மாற்றத்தையே. ஆள் நடந்தால் மாற்றம் உண்டு, அசையாதிருந்தால் இல்லை. குறித்த நேரம் கடந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடும். கோடையில் சுவரின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கினால் அதன் கூர்மையும் மங்கும். விசிறி மிகவும் தேவைப்படும் காலம் அதுவன்றோ!

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். வீட்டில் ஓர் அறை, ஒரு விசிறி. இரவுக் காவல் முடித்து வரும் அப்பா பகலில் அதன் கீழ் உறங்குவார். ஆகவே நூலகமே எனக்குப் படிப்பறை. அங்கே ஒரு கணக்கில் மூழ்கி அசையாமல் அமர்ந்திருப்பவனை 'ஆளில்லை' என்று தள்ளும் கருவி எதற்கு?

நடைவழிக்கும் மாடிப்படிக்கும் அது பொருந்தும். அங்கு எல்லோரும் நடப்பவர்களே. வகுப்பறைக்கும் நூலகத்துக்கும் வேண்டாம். கடைசியாக வெளியேறுபவர் கை சுவிட்சைத் தேடட்டும். என் அம்மா அறிவியல் படித்தவரல்லர். ஆயினும் விளக்கை அணைக்காமல் அவர் வாசலைத் தாண்டியதில்லை. பட்டம் பெறப்போகும் நமக்கு அப்பழக்கம் வராதா?