பழைய முழங்காலும் பெருநாள் மெச்சும்



போன கிழமை கனடாவிலிருந்து எமது பழைய மாணவர் ஒருவர் கோல் எடுத்தார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. "சேர், நான் ஐஸ் ஹொக்கி பழகப் போறன்" என்றார். சிரித்துவிட்டோம். ஓ.எல் படிக்கும்போது உதைபந்தாட்டத்தில் முழங்கால் திருகி, ஒரு தவணை முழுக்க நொண்டி நொண்டி வகுப்புக்கு வந்தவர் அவர்.

"கால் என்ன மாதிரி?" என்று கேட்டோம். முதலில் டொக்டரிடம் காட்டினாராம். பிறகு மூன்று மாதம் பிசியோதெரபி. தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி. இப்போதுதான் பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பில் சேர்ந்திருக்கிறார். அங்கே முதற்பாடம் கோல் அடிப்பதல்ல. விழுவது, எழும்புவது, நிற்பது. அவர் சேரப் போகும் பொழுதுபோக்குப் போட்டிகளில் உடம்பால் மோதித் தள்ளவும் அனுமதியில்லை.

போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. எம்மை நினைத்தோம்.

பழைய மாணவர் மெச் என்று வட்ஸ்அப்பில் அறிவித்தால் போதும். பதினைந்து வருடம் போலைத் தொடாதவரும் இஷா தொழுதுவிட்டு நேரே மைதானத்தில் இறங்குவார். உடம்பு சூடாகும் முன்னே முழு வேக ஓட்டம். கடந்த பெருநாள் மெச்சில் எமது வகுப்புத் தோழர் ஒருவர், யாரும் முட்டாமலே, திரும்பும்போது விழுந்தார். பழைய காயம். ஒரு மாதம் கடை பூட்டு. இன்றும் கதிரையில் இருந்துதான் தொழுகிறார்.

அன்று "வாங்க மச்சான், ஒன்றும் ஆகாது" என்று அவரை இழுத்துச் சென்றவர்கள் நாம்தான்.

முழங்காலின் ஏ.சி.எல் சவ்வு அறுவது பெரும்பாலும் அடிபட்டு அல்ல. வேகமாக ஓடி, பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பும்போதுதான். ஒருமுறை காயப்பட்ட கால் மறுபடி காயப்படும் வாய்ப்பும் அதிகம். சவ்வுக்குச் சத்திரசிகிச்சை செய்தவர் குறைந்தது 9 மாதமாவது இப்படியான விளையாட்டுக்குத் திரும்பக் கூடாது என்பது இன்றைய விளையாட்டு மருத்துவத்தின் ஆலோசனை. வலி போய்விட்டது என்பதால் கால் பலமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

அதற்காக வீட்டில் இருங்கள் என்று சொல்ல வரவில்லை. சும்மா இருந்தால் தொடைத்தசை இளைக்கும், எடை கூடும், சுமை முழங்காலில் இறங்கும். உடம்பில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு எட்டிலும் முழங்காலுக்கு 4 கிலோ அளவு சுமை குறைகிறது. சீனி வருத்தம் வீட்டுக்கு வீடு இருக்கும் எமதூரில் விளையாட்டு ஆடம்பரமல்ல.

எனவே சங்கங்களில் இருக்கும் எமது சகோதரர்களிடம் கேட்பது இதுதான்.

மெச்சுக்கு முன் 20 நிமிடம் ஒதுக்குங்கள். பீபாவின் '11+' பயிற்சிக்குப் பணம் தேவையில்லை, ஒரு போலும் மைதானமும் போதும். ஆனால் மெச் அன்று மட்டும் செய்து பலனில்லை, வாரம் இரண்டு நாளாவது செய்ய வேண்டும். நாற்பது தாண்டியவர்களுக்குத் தனி மெச் வையுங்கள்; சறுக்கிப் போல் பறிப்பதைத் தடை செய்யுங்கள். முழங்கால் வீங்கினால், பூட்டிக்கொண்டால், நடக்கும்போது நழுவினால், எண்ணெய் போட்டு உருவிவிட்டு மறுநாள் இறங்காதீர்கள், டொக்டரிடம் காட்டுங்கள். "ஏலாது" என்று ஒருவர் சொன்னால் கேலி செய்யாதீர்கள்.

இன்னொன்று. முழங்கால் வலி ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதல். எமது உம்மாமார் படியேற முடியாமல் சுவரைப் பிடிக்கிறார்கள். நமக்கு மைதானமும் லைட்டும் இருக்கின்றன. அவர்கள் நிம்மதியாக நடக்க, அதே மைதானத்தில் காலையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்க நாம் ஏன் இன்னும் யோசிக்கவில்லை?

அடுத்த பெருநாளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. பயிற்சியை இந்தக் கிழமையே தொடங்கலாம். அந்தத் தோழரையும் கூப்பிடுவோம். ஆட அல்ல, முதலில் எம்மோடு நடக்க.