தலைவரை மாற்றினால் தகுதி வந்துவிடுமா?



2024 ஜூன் 22 அன்று தேசியத் தேர்வு முகமையின் தலைமை இயக்குநர் சுபோத் குமார் சிங் நீக்கப்பட்டார். பிரதீப் சிங் கரோலா அந்த நாற்காலியில் கூடுதல் பொறுப்பாக அமர்த்தப்பட்டார். நீட் தேர்வில் 67 பேர் 720க்கு 720 வாங்கியதாக முடிவு வந்து நாடே கொதித்த நேரம் அது. 1,563 பேருக்குப் போட்ட கருணை மதிப்பெண் ரத்தானது. 67 முதலிடங்கள் கடைசியில் 17 ஆகச் சுருங்கின. ஹசாரிபாக்கிலும் பாட்னாவிலும் வினாத்தாள் கசிந்ததை உச்ச நீதிமன்றமே ஏற்றது. நாடு முழுதும் பரவியதற்கு ஆதாரம் இல்லை என்று கூறி மறுதேர்வை மட்டும் மறுத்தது.

'புதிய தலைமை வந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும்' என்றார்கள். சரியாகுமா?

2015ஐ நினைத்துப் பாருங்கள்! அன்று அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வை நடத்தியது சி.பி.எஸ்.இ. விடைகள் வெளியேறி, உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வையே ரத்து செய்தது. பிறகு நடத்தும் அமைப்பை மாற்றி, 2019 முதல் தேர்வு முகமையிடம் கொடுத்தார்கள். கசிவு நின்றதா? லட்சக்கணக்கான பிள்ளைகளின் வாழ்வை ஒரே நாளில், ஒரே வினாத்தாளில் கட்டி வைத்தால், அதைத் திருட விலை பேசுபவன் வந்துகொண்டேதான் இருப்பான். யார் தலைவராக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

'நீட் வந்தால்தான் தரம் உயரும்' என்பது அடுத்த பித்தலாட்டம். சென்னை மருத்துவக் கல்லூரி 1835ல் தொடங்கியது. அதன் பெயர் நீட் கொடுத்த பெயரா? 2007 முதல் 2016 வரை தமிழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் மாணவரைச் சேர்த்தது. அப்படிச் சேர்ந்தவர்கள்தான் இன்று நம் அரசு மருத்துவமனைகளில் உயிர் காக்கிறார்கள். 2023 செப்டம்பரிலோ, முதுநிலை நீட் தகுதி வரம்பை மத்திய அரசே பூஜ்ஜியம் பெர்சன்டைலுக்கு இறக்கியது! இடங்கள் காலியாகக் கிடந்ததால் தகுதி காற்றில் பறந்தது. ஏழைக்கு மட்டும்தான் தகுதிப் பாடமா?

'தனியார் கல்லூரிகளின் நன்கொடைக் கொள்ளையை நீட் ஒழித்ததே' என்று கேட்பவர்கள் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கட்டணப் பட்டியலைப் பார்த்துவிட்டு அவர்களே பதில் சொல்லட்டும். குறைந்த மதிப்பெண்ணும் கனத்த பையும் உள்ளவனுக்கு அங்கே கதவு திறந்தே இருக்கிறது.

திருவண்ணாமலைக்கு வருவோம். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் கிரிவலம் வரும் ஊர் இது. கூட்டத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால், தூக்கிக்கொண்டு ஓடுவது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான். அங்கே மருத்துவர் இந்துவா, முஸ்லிமா என்று யாரும் கேட்பதில்லை. நம் மக்களின் மொழியும் வறுமையும் புரிந்த மருத்துவர் வேண்டும், அவ்வளவுதான். ஆரணி நெசவாளி மகளும் செங்கம் விவசாயி மகனும் அந்தக் கல்லூரிக்குள் நுழைய முடியாவிட்டால் நட்டம் எல்லோருக்கும்தான். நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021ல் என்ன சொன்னது? 2016-17ல் சுமார் 12 சதவீதமாக இருந்த, மறுமுறை தேர்வெழுதிச் சேர்ந்தவர்களின் பங்கு 2020-21ல் 71 சதவீதமானது. ஓராண்டைக் கோச்சிங்கில் கழிக்க எந்த ஏழைத் தகப்பனால் முடியும்?

2007ல் நாம் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீடு மாநில இடங்களில் மட்டும்தான். 2020ல் வந்த 7.5 சதவீதமோ அரசுப் பள்ளி மாணவருக்கு மட்டும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் அதற்கும் வெளியே நிற்கிறார்கள்.

நீட் விலக்கு மசோதாவை 2021ல் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் அதை நிராகரித்துவிட்டதாக 2025 ஏப்ரலில் அன்றைய முதல்வர் அவையில் அறிவித்தார். அதற்காக அடங்கிவிடலாமா? மாணவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாநிலத்துக்குத் திரும்பும்வரை குரல் கொடுப்போம். உதவி பெறும் பள்ளி மாணவருக்கும் 7.5ல் பங்கு கேட்போம்.

அதுவரை ஜமாஅத்துகள் சும்மா இருக்கக் கூடாது. பத்தாம் வகுப்பிலேயே பிள்ளைகளின் சாதிச் சான்றிதழைச் சரிபாருங்கள்! மஹல்லாவில் மாலைநேரப் படிப்பகம் திறவுங்கள்! திருமண மண்டபத்துக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கைப் புத்தகத்துக்குத் திருப்புங்கள்!

நாற்காலியில் யார் அமர்ந்தாலும், நம் பிள்ளைகளுக்காக வாதாட வேண்டியவர்கள் நாம்தான். எழுவோம், இன்ஷா அல்லாஹ்!